திருப்பித் தரும் பாயின்டருக்கு யார் பொறுப்பு?

ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளின் சி லேபில் ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கும் ஒரு பழைய பிழை உண்டு. மாணவர் ஒரு ஃபங்ஷன் எழுதுகிறார். அதற்குள் ஓர் அரே அறிவித்து, அதில் விடையை நிரப்பி, கடைசி வரியில் அந்த அரேயின் பெயரையே ரிட்டர்ன் செய்கிறார். கம்பைலர் ஒரு வார்னிங் காட்டுகிறது. எரர் இல்லையே என்று அதைத் தாண்டிப் போகிறார். ஓட்டிப் பார்த்தால் ஒரு கணினியில் விடை வருகிறது, இன்னொன்றில் குப்பை வருகிறது, வேறொன்றில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று நின்றுவிடுகிறது. பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால் "முன்னாடி ஸ்டாட்டிக்னு போடு, சரியாயிடும்" என்கிறார். போட்டால் சரியாகவும் ஆகிறது. ஏன் சரியானது, வேறு எங்கே அது கெடும் என்ற கேள்விகள் எழாமலே ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்துவிடுகிறது.

அதே மாணவர் படிப்பு முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் அலுவலகத்திலோ, வாகன மின்னணுப் பாகம் செய்யும் ஓர் ஆலையிலோ வேலைக்கு உட்காரும்போது அந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தே ஆகவேண்டும். அதைப் பொறுமையாகப் பார்ப்போம். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம்: ஃபங்ஷனிலிருந்து பாயின்டரைத் திருப்பித் தருவது தவறே அல்ல. சி மொழியின் நூலகத்தில் பல ஃபங்ஷன்கள் அப்படித்தான் இயங்குகின்றன. பாயின்டர் காட்டும் இடம் யாருடையது, அது எதுவரை இருக்கும் என்று தெரியாமல் தருவதுதான் தவறு. பாயின்டருக்குள் ஒரு முகவரி மட்டுமே இருக்கிறது. உரிமையும் ஆயுளும் அதில் பதிவாவதில்லை. அந்தக் கணக்கைப் புரோகிராம் எழுதுபவர்தான் வைத்திருக்க வேண்டும்.

என்னதான் நடக்கிறது?

ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஆவடிக்குப் போகும் புறநகர் ரயிலில் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. நிலையத்தின் எண்ணைக் கொடுத்தால் 'அடுத்த நிலையம்: அம்பத்தூர்' என்ற வாக்கியத்தைத் தரும் ஃபங்ஷன் ஒன்று வேண்டும். அதற்கு 'அறிவிப்பு' என்று பெயர் வைப்போம். உள்ளே 80 பைட் கொண்ட ஒரு கேர் அரே. ஸ்பிரின்ட்எஃப் அதில் வாக்கியத்தை எழுதுகிறது. பிறகு அரேயின் பெயர் ரிட்டர்ன் ஆகிறது.

இங்கே ரிட்டர்ன் ஆவது வாக்கியம் அல்ல. அரேயின் பெயர் அந்த வரியில் அதன் முதல் பைட்டின் முகவரியாக மாறிவிடுகிறது. 64 பிட் கணினியில் 8 பைட் நீளமுள்ள ஒரு முகவரி வெளியே போகிறது. 80 பைட் வாக்கியம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அந்த இடம் எது என்பதில்தான் சிக்கல்.

ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படும்போது அதன் லோக்கல் வேரியபிள்களுக்கு ஸ்டாக் என்ற மெமரிப் பகுதியில் இடம் ஒதுக்கப்படுகிறது. ஃபங்ஷன் முடிந்ததும் ஸ்டாக்கின் எல்லையைக் குறிக்கும் ரிஜிஸ்டர் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. பைட்டுகளை யாரும் துடைப்பதில்லை. அடுத்து அழைக்கப்படும் ஃபங்ஷன் அதே இடத்தைத் தன் வேரியபிள்களுக்கு எடுத்துக்கொள்ளும்போதுதான் பழைய எழுத்து அழிகிறது. மிக வேகமான, மிக எளிய ஏற்பாடு இது. 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்ச்சி சி மொழியை உருவாக்கியபோது, சிறிய மெமரி கொண்ட பிடிபி-11 கணினியில் யூனிக்ஸை ஓட்ட வேண்டியிருந்தது. யார் எந்த இடத்தை வைத்திருக்கிறார்கள் என்று பின்னணியில் கணக்குப் பார்க்கும் வேலையை அந்த மொழி ஏற்கவில்லை.

சில சமயம் சரியான விடை வருவதற்கும் இதுதான் காரணம். லோக்கல் இன்ட் ஒன்றின் முகவரியை ஒருவர் திருப்பித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அழைத்தவர் அதை பிரின்ட்எஃப்-க்குக் கொடுக்கிறார். பிரின்ட்எஃப் தொடங்குவதற்கு முன்பே மதிப்பு படிக்கப்பட்டுவிடுவதால் முதல் முறை சரியான எண் அச்சாகலாம். ஆனால் பிரின்ட்எஃப் தானும் ஒரு ஃபங்ஷன். அது உள்ளுக்குள் இன்னும் பல ஃபங்ஷன்களை அழைத்து, கைவிடப்பட்ட அந்த இடத்தில் எல்லாம் எழுதிவிடும். அடுத்த வரியில் அதே பாயின்டரை அச்சிட்டால் வேறு எண் வரலாம். நம்முடைய 'அறிவிப்பு' போல எழுத்து வரிசையாக இருந்தால் முதல் முறையே கெடலாம். ஏனென்றால் பிரின்ட்எஃப் அந்த எழுத்துகளைத் தான் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஒவ்வொன்றாகப் படிக்கிறது. படிக்கும் இடத்தில் அதுவே மிதித்துக்கொண்டும் இருக்கிறது.

ஆகவே 'அவுட்புட் வந்துவிட்டது' என்பது இங்கே எதையும் நிரூபிக்காது. சி மொழியின் தரநிர்ணய ஆவணம் இதில் கறாராகவே பேசுகிறது. ஒரு வேரியபிளின் ஆயுள் முடிந்தவுடன் அதைக் காட்டிய பாயின்டரின் மதிப்பும் செல்லாததாகிவிடுகிறது. அதன் வழியாகப் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. இந்தச் சுதந்திரத்தைக் கம்பைலர்கள் பயன்படுத்தவும் செய்கின்றன. லோக்கல் அரேயை நேரடியாக ரிட்டர்ன் செய்தால், இன்றைய ஜிசிசி அந்த முகவரியையே தூக்கி எறிந்துவிட்டுப் பூஜ்ய முகவரியை, அதாவது நல் பாயின்டரை, திருப்பித் தரும்படி கோடு உருவாக்குவதுண்டு. பழைய டர்போ சியில் 'ஓடிய' புரோகிராம் லினக்ஸில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். லினக்ஸ் அதைக் கெடுக்கவில்லை. முன்பே கெட்டிருந்ததைக் காட்டிக் கொடுத்தது.

பைத்தானுக்குப் பிறகு சி

இந்தப் பிழை மாணவரின் கவனக்குறைவு மட்டுமல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்ட ஒழுங்குமுறைகளில் முதல் செமஸ்டரில் பைத்தான் வந்தது. கணினி அறிவியல் மாணவருக்குச் சி இரண்டாம் செமஸ்டரில் வந்தது. பைத்தானில் ஒரு ஃபங்ஷனுக்குள் லிஸ்ட் ஒன்றை உருவாக்கித் திருப்பித் தருவது அன்றாட வேலை. ஒரு பொருளை எத்தனை பெயர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பைத்தான் எண்ணிக்கொண்டே இருக்கும். கடைசிப் பெயரும் விட்ட பிறகுதான் அந்த இடத்தை மீட்கும். ஃபங்ஷன் முடிவதும் பொருள் அழிவதும் அங்கே இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள். சியில் லோக்கல் வேரியபிளுக்கு இரண்டும் ஒன்றே. ஒரே மாதிரி தோன்றும் ரிட்டர்ன் வரி, முதல் செமஸ்டரில் சரி, இரண்டாம் செமஸ்டரில் தவறு. இந்த வேறுபாட்டை வகுப்பில் யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் மாணவர் தானாகக் கண்டுபிடிக்க வழியில்லை.

மற்ற மொழிகள் இந்த இடத்தை வெவ்வேறு விதமாகக் கையாள்கின்றன. கோ மொழியில் லோக்கல் வேரியபிளின் முகவரியைத் தாராளமாகத் திருப்பித் தரலாம். அது வெளியே போகப்போகிறது என்று கம்பைலரே கண்டறிந்து, ஆயுள் நீளும் இடத்தில் அதை வைத்துவிடும். 2015-ல் 1.0 பதிப்பு கண்ட ரஸ்ட் மொழி அப்படிப்பட்ட புரோகிராமைக் கம்பைல் செய்யவே மறுத்துவிடும். சி இரண்டையும் செய்வதில்லை. வார்னிங்கோடு நிறுத்திக்கொள்கிறது, அதையும் எல்லா இடத்திலும் தர முடிவதில்லை.

ஆயுள் நீளமான இடங்கள்

பாதுகாப்பாகத் திருப்பித் தரக்கூடிய பாயின்டர்கள் எவை? ஃபங்ஷன் முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும் இடத்தைக் காட்டுபவை. அவற்றில் எளியது, அழைத்தவர் கொடுத்த இடத்துக்குள்ளேயே காட்டுவது. ஸ்ட்ரிங்கில் ஒரு எழுத்தைத் தேடும் எஸ்டிஆர்சிஹெச்ஆர் இப்படித்தான் செய்கிறது. நாம் கொடுத்த வாக்கியத்துக்குள் அந்த எழுத்து இருக்கும் இடத்தை அது காட்டுகிறது; இல்லையென்றால் நல் பாயின்டர் தருகிறது. இடம் நம்முடையது என்பதால் அதன் ஆயுளும் நம் கையில்.

அடுத்தது, இரட்டை மேற்கோளுக்குள் எழுதப்படும் நிலையான வாக்கியம். நேர்முகத் தேர்வுகளில் இதை வைத்து மடக்குவதுண்டு. ஒரு ஃபங்ஷனில் கேர் பாயின்டர் ஒன்றை அறிவித்து, அதற்கு 'ஆவடி' என்ற வாக்கியத்தைக் கொடுத்து, அந்தப் பாயின்டரை ரிட்டர்ன் செய்தால் பிழை இல்லை. அதே வாக்கியத்தைக் கேர் அரே ஒன்றுக்குத் தொடக்க மதிப்பாகக் கொடுத்து அரேயை ரிட்டர்ன் செய்தால் பிழை. பார்வைக்கு ஒரு நட்சத்திரக் குறிக்கும் ஒரு ஜோடி அடைப்புக்கும் உள்ள வித்தியாசம்தான். முதலாவதில், புரோகிராம் முடியும்வரை நிலைத்திருக்கும் வாக்கியத்தைப் பாயின்டர் காட்டுகிறது. இரண்டாவதில் அந்த வாக்கியம் ஸ்டாக்கில் உள்ள அரேக்குள் நகலெடுக்கப்படுகிறது. நகல் ஃபங்ஷனோடு போய்விடும். நிலையான வாக்கியத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: அதில் எழுதக் கூடாது. லினக்ஸில் எழுத முயன்றால் புரோகிராம் நின்றுவிடும். மெமரிக்குக் காவல் இல்லாத டாஸ் காலத்தில் அது எதுவும் நடக்காததுபோல ஓடியிருக்கும். ஆகவே அத்தகைய ஃபங்ஷனின் ரிட்டர்ன் வகையில் கான்ஸ்ட் என்ற சொல் இருக்க வேண்டும். எண்ணைக் கொடுத்தால் நிலையத்தின் பெயரை மட்டும் தரும் ஃபங்ஷனுக்கு இந்த வழி போதும், இதைவிட நல்ல வழியும் இல்லை.

பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன ஸ்டாட்டிக் மூன்றாவது. அரேக்கு முன் அந்தச் சொல்லைப் போட்டால் அது ஸ்டாக்கிலிருந்து விலகி, புரோகிராம் முடியும்வரை இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. ஆயுள் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இப்போது புரோகிராம் முழுவதற்கும் ஒரே ஓர் அரேதான். 'அறிவிப்பு' ஃபங்ஷனை ஒரே பிரின்ட்எஃப் வரியில் இரண்டு முறை அழைத்து, கொரட்டூர் வாக்கியத்தையும் ஆவடி வாக்கியத்தையும் அச்சிடச் சொன்னால், ஒரே வாக்கியம் இரண்டு முறை வரும். இரண்டு அழைப்பும் ஒரே முகவரியைத் தந்தன. இரண்டாவது எழுதியது முதலாவதை அழித்துவிட்டது.

நூலகத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. நேரத்தைப் பிரித்துத் தரும் லோக்கல்டைம், அதை வாக்கியமாக்கும் ஆஸ்க்டைம் இரண்டும் இப்படி உள்ளே வைத்திருக்கும் ஒரே இடத்தின் முகவரியைத் தருபவை. ரயில் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் ஆஸ்க்டைம் மூலம் ஒரே வரியில் அச்சிட்டால் ரயில் புறப்பட்ட நொடியிலேயே சேர்ந்துவிட்டதாகத் தெரியும். பல திரெட்கள் ஓடும் புரோகிராமில் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர் எழுதிவிடலாம். அதனால்தான் லோக்கல்டைம்_ஆர் என்ற மாற்று முதலில் போசிக்ஸிலும் பிறகு சி23 தரத்திலும் இடம்பெற்றது. அது, எழுத வேண்டிய இடத்தை அழைப்பவரிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறது. சி23 ஆஸ்க்டைமைக் கைவிடத்தக்கது என்றே குறித்துவிட்டது.

சரக்கு யாருடையது?

மீதமிருக்கும் இரண்டு வழிகளே அன்றாட வேலையில் அதிகம் பயன்படுபவை. அழைப்பவர் இடம் கொடுப்பது ஒன்று. ஃபங்ஷன் மாலாக் மூலம் புதிய இடம் எடுத்துத் தருவது இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத் பட்டறைகள் நன்றாக அறியும். 1960களில் உருவான அந்த எஸ்டேட்டில் பெரிய ஆலைகளைச் சுற்றி ஜாப் ஒர்க் பட்டறைகள் வளர்ந்தன. ஜாப் ஒர்க்கில் கம்பி பார்ட்டியுடையது. டெலிவரி சலானோடு அது பட்டறைக்கு வருகிறது, கடையப்படுகிறது, திரும்பிப் போகிறது. பட்டறைக்குக் கூலி உண்டு, சரக்கின் மேல் உரிமை இல்லை. மாறாக, பட்டறையே கம்பி வாங்கி, பாகம் செய்து பில் போட்டு விற்றால், பாகத்தோடு உரிமையும் வாங்கியவருக்குப் போய்விடும். பிறகு அதை வைத்திருப்பதும் கழிப்பதும் அவர் பாடு. 2017-ன் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆவது பிரிவு, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்கிறது. யாருடைய சரக்கு, எதுவரை என்ற இரண்டும் அங்கே காகிதத்தில் இருக்கின்றன. சி ஃபங்ஷனில் அந்தச் சலானை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும்.

முதல் வழியில் 'அறிவிப்பு' ஃபங்ஷன் மூன்று விவரங்களை வாங்கும்: நிலைய எண், எழுத வேண்டிய இடத்தின் முகவரி, அந்த இடத்தின் அளவு. மூன்றாவது மிக அவசியம். நாம் எடுத்த 80 பைட் அரேயைப் பாருங்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். புள்ளிக்கும் துணைக்காலுக்கும் கொம்புக்கும் தனித்தனியே 3 பைட். 'அம்பத்தூர்' என்ற பெயர் 10 குறியீடு, 30 பைட். 'அடுத்த நிலையம்: ' என்ற முன்பகுதி 42 பைட். முடிவைக் குறிக்கும் ஒரு பைட்டையும் சேர்த்தால் 73. இடம் போதும். அடுத்த நிலையமான 'திருமுல்லைவாயில்' 48 பைட்; மொத்தம் 91. ஸ்பிரின்ட்எஃப் எல்லை பார்க்காமல் 11 பைட்டை வெளியே எழுதிவிடும். அம்பத்தூருக்கு ஒழுங்காக ஓடிய புரோகிராம் அதற்கடுத்த நிலையத்தில் கெடும்.

அளவை வாங்கிக்கொள்ளும் எஸ்என்பிரின்ட்எஃப் எல்லைக்குள் நிறுத்திக்கொள்கிறது. அதோடு, முழுதாக எழுத எத்தனை பைட் தேவைப்பட்டது என்ற எண்ணையும், கடைசி பைட்டைச் சேர்க்காமல், திருப்பித் தருகிறது. அந்த எண் நாம் கொடுத்த அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் வாக்கியம் வெட்டப்பட்டது என்று பொருள். தமிழில் அந்த வெட்டு ஒரு எழுத்தின் நடுவிலேயே விழலாம் என்பதால் இதைச் சோதிக்காமல் விடக் கூடாது. இந்த வழியில் ஃபங்ஷன் பாயின்டரைத் திருப்பித் தர வேண்டிய தேவையே இல்லை. வெற்றியா தோல்வியா என்பதைத் தந்தால் போதும்.

இதன் நெருங்கிய உறவு, அரேயை ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் வைத்து ஸ்ட்ரக்டையே மதிப்பாகத் திருப்பித் தருவது. அரேயை மதிப்பாகத் திருப்பித் தர சி அனுமதிக்காது. அரேயைத் தாங்கிய ஸ்ட்ரக்டை அனுமதிக்கும். முழுவதும் நகலாகப் போவதால் ஆயுள் பற்றிய கவலை இல்லை. 64 பிட் லினக்ஸ் கணினியில் 16 பைட்டுக்கு மேற்பட்ட ஸ்ட்ரக்டுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால், அழைப்பவரே ஓர் இடம் ஒதுக்கி அதன் முகவரியை மறைவாக அனுப்புவதுதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஸ்ட்ரக்டுக்குள் அரே இல்லாமல், லோக்கல் அரேயைக் காட்டும் பாயின்டர் இருந்தால் நகலாவது பாயின்டர் மட்டுமே. பழைய பிழை முகமூடி போட்டுத் திரும்ப வந்துவிட்டது, பல சமயம் கம்பைலர் வார்னிங்கும் இல்லாமல்.

இரண்டாவது வழி மாலாக். வாக்கியத்தின் நீளம் முன்கூட்டியே தெரியாதபோது இதுவே பொருத்தம். ஹீப் பகுதியில் எடுக்கப்பட்ட இடம், யாராவது ஃப்ரீ செய்யும்வரை இருக்கும். யார் அந்த 'யாராவது' என்பதே கேள்வி. இடத்தை எடுத்தது 'அறிவிப்பு'. ஆனால் அது முடிந்துவிட்டது. எனவே பொறுப்பு அழைத்தவருக்கு மாறிவிட்டது. அவருக்கு அது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மூன்று விதமாகக் கெடும். ஃப்ரீ செய்ய மறந்தால் மெமரி கசியும். சில நொடியில் முடியும் லேப் புரோகிராமில் தெரியாது, மாதக்கணக்கில் ஓடும் சர்வரில் தெரியும். இரண்டு பேர் ஃப்ரீ செய்தால் ஹீப்பின் உள்கணக்கு கலையும். ஃப்ரீ செய்த பிறகும் ஒருவர் பழைய பாயின்டரைப் பயன்படுத்தினால், லோக்கல் அரேயில் பார்த்த அதே பிழை ஹீப்பில் நடக்கும்.

இந்தக் கடைசி வகை விளையாட்டல்ல. மைக்ரோசாஃப்ட் 2019-லும் கூகுளின் குரோமியம் குழு 2020-லும் வெளியிட்ட கணக்குகளின்படி, அவர்களுடைய மென்பொருள்களில் கண்ட பாதுகாப்புக் குறைகளில் (குரோமியத்தில் கடுமையானவற்றில்) ஏறத்தாழ 70 சதவீதம் மெமரியைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் இணையப் பாதுகாப்பு அலுவலகம், மெமரிப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறுங்கள் என்று அறிக்கையே வெளியிட்டது.

ஆகவே மாலாக்கில் எடுத்துத் தரும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே இரண்டு வரி எழுத வேண்டும்: 'திருப்பித் தரும் இடத்தை அழைப்பவர் ஃப்ரீ செய்ய வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் நல் பாயின்டர் வரும்.' ஸ்ட்ரிங்கை நகலெடுத்துத் தரும் எஸ்டிஆர்டூப்பின் கையேட்டுப் பக்கத்தில் இந்த விவரம் இருக்கிறது. சூழல் மாறிகளைத் தரும் கெட்என்வ் அப்படியல்ல; அது தரும் இடம் நம்முடையதல்ல, அதில் எழுதவோ அதை ஃப்ரீ செய்யவோ கூடாது. இரண்டுமே கேர் பாயின்டர்தான் தருகின்றன. வகையைப் பார்த்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. எழுதி வைத்தால்தான் உண்டு. இன்னும் நல்ல பழக்கம், ஜோடியாக எழுதுவது. எஃப்ஓப்பன் தரும் ஃபைல் பாயின்டரை எஃப்குளோஸ்தான் முடிக்க வேண்டும் என்பதை யாரும் மறப்பதில்லை, ஏனென்றால் திறப்பதும் மூடுவதும் பெயரிலேயே இருக்கின்றன. 'அறிவிப்பு_உருவாக்கு' என்று ஒன்று எழுதினால் கூடவே 'அறிவிப்பு_அழி' என்று ஒன்றும் எழுதிவிடுவது அதே முறை.

ஆலைக்குள் வேறு சட்டம்

பாடி, அம்பத்தூர், திருமழிசைப் பக்கம் வாகனப் பாக வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். இஞ்சின், பிரேக் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிகளுக்கான புரோகிராம் இன்றும் பெருமளவு சியில்தான் எழுதப்படுகிறது. அந்தத் துறையில் உலகெங்கும் பின்பற்றப்படும் மிஸ்ரா சி விதிகள் பிரிட்டனில் 1998-ல் முதன்முதலில் வந்தன. அவற்றின் 2012 பதிப்பில் 18.6-ஆவது விதி நம் பிழையையே குறிவைக்கிறது: ஃபங்ஷனோடு ஆயுள் முடியும் ஒன்றின் முகவரி, அதைத் தாண்டி வாழும் ஒன்றில் சேமிக்கப்படக் கூடாது. அதே பதிப்பின் 21.3-ஆவது விதி மாலாக், ஃப்ரீ இரண்டையும் தடுக்கிறது.

லேபில் நல்ல விடையாக இருந்த மாலாக் ஆலையில் ஏன் தடை? அந்தச் சில்லுகளில் மெமரி சில கிலோபைட்டிலிருந்து சில மெகாபைட் வரைதான். எடுத்தும் விட்டும் வந்தால் ஹீப் துண்டு துண்டாகி, மொத்தத்தில் இடம் இருந்தும் தொடர்ச்சியாகக் கிடைக்காத நிலை வரலாம். எடுக்க ஆகும் நேரமும் முன்கூட்டித் தெரியாது. வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது நல் பாயின்டர் வந்தால் அதை வைத்து என்ன செய்வது? விண்கலங்களுக்கு மென்பொருள் எழுதும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்டு ஹோல்ஸ்மன் 2006-ல் வெளியிட்ட பத்து விதிகளிலும், தொடக்க ஏற்பாடுகள் முடிந்த பின் மாலாக் கூடாது என்று இருக்கிறது.

அப்படியானால் ஸ்டாட்டிக்கா? அங்கேயும் எச்சரிக்கை வேண்டும். மெயின் புரோகிராம் 'அறிவிப்பு' போன்ற ஒன்றில் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது இன்டரப்ட் வந்து, அதே ஃபங்ஷனை அழைத்தால் இருவரும் ஒரே இடத்தில் எழுதுவார்கள். எனவே அழைப்பவரே இடத்தையும் அளவையும் கொடுக்கும் வழிதான் அங்கே பெரும்பாலும் கைகொடுக்கிறது.

வார்னிங்குக்கும் மார்க் உண்டு என்றால்

இந்தப் பிழையைப் பிடிக்கக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. லோக்கல் வேரியபிளின் முகவரியை நேரடியாகத் திருப்பித் தந்தால், தனியே கேட்காமலே ஜிசிசி எச்சரிக்கும். முகவரியை இன்னொரு பாயின்டரில் வைத்து அதைத் திருப்பித் தந்தால் எச்சரிக்கை வரலாம், வராமலும் போகலாம். ஆப்டிமைசேஷனை இயக்கினால் வாய்ப்பு கூடும். ஆகவே டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா என்ற இரண்டு ஆப்ஷன்களையும் எப்போதும் சேர்த்தே கம்பைல் செய்ய வேண்டும். வார்னிங்குக்குத் தப்பியதை ஓடும்போது பிடிக்க அட்ரஸ் சானிட்டைசர் இருக்கிறது. 2013-ல் வந்த ஜிசிசி 4.8 முதல் கம்பைலரோடே கிடைக்கிறது. ஃப்ரீ செய்த இடத்தைத் தொட்டாலும், அரேயின் எல்லையைத் தாண்டினாலும் எந்த வரி என்று சுட்டிக்காட்டி நிறுத்திவிடும். முடிந்துபோன ஃபங்ஷனின் ஸ்டாக்கைத் தொடுவதையும் அது கண்டுபிடிக்கும். சில கம்பைலர்களில் அதற்கென்று உள்ள சோதனையை நாம் தனியே இயக்கிவிட வேண்டியிருக்கலாம். கசிவையும் இரட்டை ஃப்ரீயையும் வால்கிரைண்ட் காட்டும்.

கருவிகள் இருந்தும் பிழை ஆண்டுதோறும் பிறப்பதற்குக் காரணம், நாம் அவுட்புட்டுக்கு மட்டுமே மார்க் போடுவது. லேப் தேர்வில் வார்னிங்கோடு கம்பைலான புரோகிராமுக்கு முழு மார்க் கிடையாது என்று ஒரு துறை முடிவெடுத்தால் ஒரே செமஸ்டரில் பழக்கம் மாறும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வைவாவில் 'பாயின்டர் என்றால் என்ன' என்று கேட்பதற்குப் பதிலாக, மாணவர் எழுதிய ஒரு ரிட்டர்ன் வரியைக் காட்டி மூன்று கேள்வி கேட்கலாம். இந்த முகவரியில் இருக்கும் இடம் எப்போது ஒதுக்கப்பட்டது? எப்போது முடிவுக்கு வரும்? அதை முடித்துவைப்பது யார்? அலுவலகத்தில் கோடு ரிவ்யூ செய்யும் மூத்தவரும் இதே மூன்றைக் கேட்டால் போதும். மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் அந்தக் கோடு திரும்பிப் போக வேண்டும்.

இந்த மூன்றுக்கும் விடை வைத்திருப்பவர் நாளை ரஸ்ட்டுக்கோ கோவுக்கோ போனாலும், அங்கே கம்பைலர் ஏன் மறுக்கிறது, ஏன் ஏற்கிறது என்பதைப் புரிந்துகொள்வார். விடை தெரியாதவருக்கு அந்தக் கம்பைலரின் மறுப்பும் இன்றைய ஜிசிசி வார்னிங்கைப் போலவே, எப்படியாவது தாண்டிப் போக வேண்டிய இன்னொரு தொல்லையாகத்தான் படும். சியைப் பாடத்திட்டத்தில் வைத்திருப்பதற்கு இன்று சொல்லத்தக்க காரணம் இதுதான்: மெமரியின் கணக்கை மாணவர் ஒரு முறையாவது தன் கையால் எழுதிப் பழக வேண்டும்.